பியூலாவின் அப்பா

பிப்ரவரி 10, திங்கள்

விடுதியில் இரண்டாவது குழாயில் மட்டும்தான் தண்ணீர் வந்தது. துவைக்க என் முறை வருவதற்குள் ஏழரை மணி. ஈரக் கையோடு வகுப்புக்கு ஓடினேன்.

இது புது நோட்டு. முதல் பக்கத்தில் பெயர் எழுதவில்லை. எம்.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு, கடைசி செமஸ்டர். இவ்வளவு போதும். நாள் முழுக்க இங்கிலீஷில்தான் படிக்கிறேன், எழுதுகிறேன். இதை மட்டும் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் வரிக்கு வரி திருத்திக்கொண்டே இருப்பேன். அறையில் மூன்று பேர் இருக்கிறோம். யாராவது எடுத்துப் படித்தாலும் பரவாயில்லை என்கிற விஷயங்களை மட்டுமே எழுதுவது என்று வைத்திருக்கிறேன்.

மதியம் நூலகம். தமிழ்ப் பேப்பர், மூன்றாம் பக்கம், கீழே. எதுவும் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

கனகலதா மேடம் படைப்பெழுத்துத் தாளுக்கான வேலையை அறிவித்துவிட்டார். இரண்டு கவிதை, ஒரு சிறுகதை, ஒரு கட்டுரை. எல்லாவற்றையும் ஸ்பைரல் போட்டு 28ஆம் தேதி நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். கட்டுரை 'எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர்' பற்றி. முதல் பக்கத்தில், இது முழுக்க என் சொந்தப் படைப்பு என்று கையெழுத்து. ஏப்ரல் 9 வைவா. வெளியூரிலிருந்து தேர்வாளர், எக்ஸ்டெர்னல், வருவார். ஒவ்வொருவராக உள்ளே போய் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும்.

'ஒவ்வொருவராக' என்று மேடம் சொன்னதை மட்டும் நோட்டில் அடிக்கோடிட்டுக்கொண்டேன்.

முதல் செமஸ்டரில் ஒரு செமினார். நான் எழுந்து நின்றேன். காகிதம் கையில் இருந்தது, எல்லாம் நான் எழுதியதுதான். தொண்டை திறக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பக்கத்தில் இருந்தவள் எழுந்து, "வடிவுக்குத் தொண்டை கட்டிருக்கு மேடம், நான் வாசிக்கேன்" என்று காகிதத்தை வாங்கி, பன்னிரண்டு வருடக் கான்வென்ட் இங்கிலீஷில் கணீரென்று வாசித்தாள். அதுதான் பியூலா. அன்று மாலை கேன்டீனில், "நீ எழுது, நான் பேசுதேன். ரெண்டு பேருஞ் சேந்தா ஒரு முழு எம்.ஏ. வரும்ட்டி" என்று சிரித்தாள்.

ஒன்றரை வருடமாக அப்படித்தான் நடக்கிறது. அவளுக்கு எழுத வராது என்றில்லை, ஓர் இடத்தில் உட்கார வராது. அவள் பெயரில் போவதையெல்லாம் நான் எழுதுகிறேன். எனக்காக அவள் மேடத்திடம், ஆபீஸில், வார்டனிடம் பேசுகிறாள். என் பெயரில் எழுதும்போது நான் ஒடுங்கிக்கொண்டு எழுதுவேன். அவள் பெயரில் எழுதும்போது கை தானாகப் போகும்.

வைவாவில் அவள் எனக்காக உள்ளே வர முடியாது.

பிப்ரவரி 15, சனி

அம்மா போன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல்தான் கூப்பிடுவாள். மற்ற நேரத்தில் போன் அடித்தால் எனக்குக் கை நடுங்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வேலை பார்க்கிற அங்கன்வாடியில் புதுசாக இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கின்றனவாம். பெரியப்பா வந்து போனாராம். அப்புறம் ஒரு விஷயம் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

போனை வைத்ததும் அறைத்தோழி மரகதம் கேட்டாள். "உங்கப்பா எப்பட்டி லீவுல வாறாவ? வந்தா எனக்கு ஒரு சென்ட் பாட்டிலு."

அப்பா மஸ்கட்டில் இருக்கிறார். லீவு கிடைப்பது கஷ்டம்.

பிப்ரவரி 24, திங்கள்

என் கட்டுரை முடிந்துவிட்டது. அப்பாவைப் பற்றித்தான். மஸ்கட் வெயில், அங்கிருந்து வரும் பேரீச்சம்பழப் பொட்டலம், டார்ச் லைட், விமான நிலையத்தில் நாங்கள் காத்திருப்பது. இரண்டு மணி நேரத்தில் எழுதினேன். விமான நிலையத்துக்குள் நான் போனதில்லை. ஆனால் படித்திருக்கிறேன், அது போதும்.

பியூலாவின் கட்டுரைதான் வரவில்லை. அவளும் அவள் அப்பாவைப் பற்றியே எழுதச் சொல்லிவிட்டாள். குறிப்பும் கொடுத்தாள், பஸ் டிக்கெட்டின் பின்னால்: 'பேங்க் மேனேஜர். புல்லட். சர்ச் கொயர்ல பாடுவாங்க. கோபம் வந்தா மூக்கு சிவக்கும். இறால் உரிச்சுக் குடுப்பாங்க.' நல்ல மனிதர். போன மாதம் காரில் வந்து எங்கள் அறைக்கு ஒரு கிலோ அல்வா கொடுத்துவிட்டு, "என்னம்மா வடிவு, எம்பொண்ணையும் கொஞ்சம் படிக்க வைம்மா" என்றார். அவள் அவர் தோளில் தொங்கிக்கொண்டு நின்றாள். மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் புல்லட்தான் வந்தது, ஆள் வரவில்லை.

பேப்பர் பார்த்தேன். எதுவும் இல்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

கொடுத்தாகிவிட்டது.

மதியம் ஒரு மணிக்குக்கூட பியூலாவின் கட்டுரை ஒரு பக்கமும் இல்லை. கம்ப்யூட்டர் அறையில் மூலையில் உட்கார்ந்தேன். இரண்டே முக்காலுக்கு எழுந்தபோது ஆறு பக்கம் இருந்தது. திரும்பப் படிக்கவில்லை. படித்தால் அழித்துவிடுவேன் என்று தெரியும். ஜெராக்ஸ் கடையில் கூட்டம். ஸ்பைரல் போட்டுக்கொண்டிருந்தபோதே பியூலா ஓடிவந்து முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். மூன்று ஐம்பது.

"எங்கப்பாவ நல்லா எழுதிருக்கியா?"

"கொஞ்சம் மாத்திட்டேன்."

"வில்லனா ஆக்காம இருந்தாச் சரி. ஓடு, ஓடு."

அவள் ஒரு வரி படிக்கவில்லை. ஒன்றரை வருடமாக இப்படித்தான். கொடுப்பதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். வகுப்பில் கேட்டால் அப்போதே சமாளித்துவிடுவாள்.

மார்ச் 3, திங்கள்

கட்டுரையைத் திரும்பக் கேட்கலாமா என்று துறை ஆபீஸ் வரைக்கும் போனேன். கிளார்க், "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். திரும்பி வந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

மேடம் அதை வகுப்பில் வாசித்தார்.

"இருபத்தாறு பேர் எழுதினதுல ஒண்ணை மட்டும் சத்தமா வாசிக்கணும்னு தோணுச்சு. பியூலா, உனக்கு ஆட்சேபணை இல்லையே?" பியூலா பெருமையாகத் தலையாட்டினாள். பாவம், அவளும் அதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாள்.

கட்டுரையில் ஓர் அப்பா வருகிறார். அரசுப் பள்ளியில் வேதியியல் லேப் அட்டெண்டர். புட்டிகளுக்கு லேபிள் எழுதி எழுதி அந்த அளவுக்கு மட்டும் இங்கிலீஷ் தெரிந்தவர். வீட்டில் உப்பு டப்பாவிலும் புளி டப்பாவிலும் இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே ஒரு கோடு போட்டு ஒட்டிவைக்கிறவர். இடது முன்கையில் அமிலம் பட்ட தழும்பு. ஒரு கோடையில் அவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். முதலில் பக்கத்து வீட்டாரோடு, பிறகு மனைவியோடு. ஓர் ஏப்ரல் மாத மதியம் மூன்று மணிக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வெளியே கிளம்புகிறார். மகள் கட்டிலில் படுத்துக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். அவர் வாசலில் நின்று அவளைத் திரும்பிப் பார்க்கிறார். வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது, கேட்டால் போன காரியம் கெட்டுவிடும் என்று அந்த வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால் அவள் கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்புகிறாள். அவ்வளவுதான் கட்டுரை. கண்ணாடி இல்லாமல் போகிறவர் தூரமாகப் போகமாட்டார் என்று அவள் நினைத்துக்கொள்வதோடு முடிகிறது.

மேடத்துக்குக் கடைசிப் பக்கத்தில் குரல் உடைந்தது. என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.  எல்லாரும் பியூலாவையே பார்த்தார்கள். எல்லாரும் என்னைப் பார்க்கிற மாதிரி எனக்கு இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் பியூலா என் முதுகில் ஓர் அறை வைத்தாள். "கொன்னுட்டட்டி! எப்படிட்டி இப்படியெல்லாம் யோசிக்க? எங்கப்பா கேட்டா மயங்கி விழுந்துருவாங்க."

"கதைதான்" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

விடுதியே பியூலாவிடம் பாசமாக இருக்கிறது. மெஸ்ஸில் அவளுக்கு மட்டும் கூடுதலாக ஓர் அப்பளம். ஜூனியர் ஒருத்தி தன் தலையணையைக் கொடுத்திருக்கிறாள். மரகதம் என் காதில் ரகசியமாகக் கேட்டாள். "அப்போ அல்வா கொண்டாந்தவரு யாருட்டி? சித்தப்பாவா இருக்குமோ? இல்ல, அவ அம்மா ரெண்டாவது..."

"சும்மா இரு."

"பாவம்லா. எப்பப் பாத்தாலும் சிரிச்சிட்டே இருக்கா. உள்ளுக்குள்ள எவ்வளவு வச்சிருக்கா பாரு."

பியூலா அப்பளத்தை என்னோடு பங்குபோட்டுச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மதிப்பெண் சொல்ல மேடம் தனித்தனியாகக் கூப்பிட்டார். என் கட்டுரையைப் புரட்டிக்கொண்டே, "தப்பே இல்ல வடிவு. ஆனா இந்த மனுசனை என்னால பாக்க முடியல. டார்ச் லைட் தெரியுது, அப்பா தெரியல. சொந்த அப்பாதானே? பயப்படாம எழுதணும். பியூலாகிட்ட ஒருநாள் உக்காந்து பேசு, அவ எப்படி எழுதினான்னு கேளு" என்றார்.

சரி மேடம் என்றேன். நூலகத்துக்குப் போனேன். எதுவும் இல்லை.

மார்ச் 22, சனி

யார் படித்தாலும் பரவாயில்லை. எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் பக்கம், கீழே: வாய்க்கால் கரையில் அடையாளம் தெரியாத ஆண் உடல். சுமார் ஐம்பத்தைந்து வயது, மாநிறம், வெள்ளை வேட்டி. முன்கையில் பழைய தீக்காயத் தழும்பு. தகவல் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ள, கீழே ஓர் எண்.

எந்தக் கை என்று போடவில்லை.

நூலகத்தில் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணைக் கையில் எழுதிக்கொண்டேன். பேனா வழுக்கியது, உள்ளங்கை அவ்வளவு வேர்த்திருந்தது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றேன். எப்போதும் எனக்காக யாரிடமும் பியூலாதான் பேசுவாள். இதை அவளிடம் கேட்க முடியாது. நாலு முறை எண்ணை அழுத்தி அழித்தேன். ஐந்தாவது முறை எடுத்துவிட்டார்கள்.

"ஸ்டேஷன். யாரும்மா?"

"பேப்பர்ல போட்டிருந்தீங்க. வாய்க்கால்... தழும்பு."

"ஆமா. உங்க ஆளா?"

"எந்தக் கை?"

"என்னது?"

"தழும்பு. எந்தக் கைல இருக்கு?"

யாரிடமோ கேட்டார். நாற்காலி நகர்கிற சத்தம். தேநீர்க் கிளாஸ் வைக்கிற சத்தம். 

"வலது கைம்மா. உங்களுக்கு யாரு காணாமப் போனது? பேரு சொல்லுங்க..."

வைத்துவிட்டேன். அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். இன்னொருவர் வீட்டு ஆள் அவர் என்று தோன்ற வெகுநேரம் ஆயிற்று. இடது இல்லை என்றதும் முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அப்பா மஸ்கட்டில் இல்லை. எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. வரும் ஏப்ரல் 17 வந்தால் ஏழு வருடம். பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளாது என்று அம்மாதான் மஸ்கட் என்று சொல்லத் தொடங்கினாள். கல்லூரிக்கு வந்தபிறகு நானும்.

ஏழு வருடம் ஆகிவிட்டால் கோர்ட்டில் சொல்லி, இறந்ததாகவே சான்றிதழ் வாங்கிவிடலாமாம். பெரியப்பா அதற்குத்தான் வருகிறார். சான்றிதழ் வாங்கிய கையோடு பாபநாசத்தில் காரியமும் செய்துவிடலாம் என்கிறார். அம்மா கையெழுத்துப் போட வேண்டும். தாலியைக் கழற்ற வேண்டும். பிப்ரவரியில் அம்மா என்னிடம் கேட்டது இதுதான். "நீ படிச்சவ. போடட்டுமா வேண்டாமா, நீயே சொல்லு."

நான் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 31, திங்கள்

துணி துவைத்தேன். நகம் வெட்டினேன். இரண்டு பாடம் திருப்பிப் படித்தேன்.

ஏப்ரல் 5, சனி

"பெரியப்பா வக்கீல்ட்ட தாள் வாங்கியாந்துட்டாவ. இங்கிலீஷ்ல இருக்கு. எங்க போடணும்னு பென்சில்ல குறிச்சு வச்சிருக்காவ" என்றாள் அம்மா.

"ம்."

"ம்முன்னா என்ன அர்த்தம்ட்டி? போடச் சொல்லுதியா?"

"பரீட்சை முடியட்டும்மா."

"உனக்கு எப்பவும் ஒரு பரீட்ச இருக்கும்." கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது குரலில். "புளி டப்பா லேபிளு பிஞ்சு வருது. எனக்கு இங்கிலீஷு வாசிக்கவா தெரியும்? இருந்தாலும் பிய்க்க மனசு வரல."

ஏப்ரல் 8, செவ்வாய்

மாலையில் பியூலாவைத் தயார் செய்தேன். மொட்டைமாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே நடந்துகொண்டே அவள் கேட்டாள், நான் சொன்னேன். கண்ணாடி ஏன் பிரிட்ஜ் மேல், லேபிள் ஏன் பெரிய எழுத்தில். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவளுக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

"சரி, கடைசில என்ன ஆச்சுன்னு கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லு."

"தெரியாதுன்னு எப்படிட்டி சொல்ல? எங்கப்பால்லா!"

"தெரியாதுன்னு மட்டும் சொல்லு பியூலா. வேற எதுவும் சொல்லாத."

என் குரல் எப்படி இருந்ததோ. அவள் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு என் துப்பட்டாவைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக் கொடுத்தாள். "உன் வைவாவ நினைச்சுத்தானே பயப்படுத? உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சிரிச்சுட்டே தலையாட்டிட்டு வா."

ஏப்ரல் 9, புதன்

இன்று எழுத முடியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

துறைத்தலைவர் அறை. வெளியே பெஞ்சில் பதிவெண் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே எக்ஸ்டெர்னலுக்குச் சமோசா போயிற்று, தட்டு காலியாகத் திரும்பியது. முதலில் போனவர்கள் ஐந்து ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள். பியூலா இருபது நிமிடம். கதவு மூடியிருந்தது. அவள் குரல் மட்டும், கணீரென்று, பிறகு தாழ்ந்து, பிறகு கேட்கவில்லை.

வெளியே வந்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"முடிஞ்சுதுட்டி! மனுசன் நோண்டுதாரு, நோண்டுதாரு, விடவே மாட்டேங்காரு. தேடுனீங்களா, போலீஸ்ல சொன்னீங்களா, இப்போ எங்க இருப்பாருன்னு நினைக்கீங்கன்னு. தெரியாது தெரியாதுன்னு எத்தனை தடவைதான் சொல்ல? கேனச்சி மாதிரி இருந்துச்சு. அதான், செத்துட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"மூணு மாசம் கழிச்சு வாய்க்கால்ல கிடைச்சாங்க, அம்மாதான் வேட்டியப் பாத்து அடையாளம் சொன்னாங்கன்னு. உடனே சாரி சொல்லி, தண்ணி குடுத்து, அனுப்பிட்டாரு. சொல்லும்போது எனக்கே கண்ணீர் வந்துட்டுட்டி, சத்தியமா!"

 ஏழு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல். அம்மா சொன்னதில்லை. தாளில் பென்சிலால் குறித்துவைத்த பெரியப்பாகூட 'ஒரு முடிவுக்கு வரணும்' என்றுதான் சொல்கிறார். பியூலா இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். வேட்டி, வாய்க்கால் என்று, நான் அவளிடம் சொல்லாத எல்லாவற்றோடும். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கையில் கொடுத்தது நான்தானே.

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சண்முகவடிவு.

எக்ஸ்டெர்னல் ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டை. பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கனகலதா மேடம், கண் சிவந்து. உள்ளே நடந்தது முழுக்க இங்கிலீஷ். தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

"உட்காருங்கள். உங்கள் அப்பா மஸ்கட்டிலிருந்து இவ்வளவு பொருள் அனுப்புகிறார். ஆனால் கட்டுரை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன்?"

தொண்டை மூடிக்கொண்டது. செமினாரில் மூடியதைப் போலவே.

"கூச்ச சுபாவம் சார்" என்றார் மேடம். "எழுத்து சுமாராக வரும்."

"பரவாயில்லை. அப்பா உங்களிடம் கடைசியாக என்ன பேசினார்? அதை மட்டும் சொல்லுங்கள்."

மேசையில் இரண்டு ஸ்பைரல். மேலே என்னுடையது. கீழே பியூலாவுடையது, ஓரம் மட்டும் தெரிந்தது. அந்த ஓரத்தில் அவர் பேனாவால் ஏதோ குறித்திருந்தார். எனக்குத் தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது. தந்தை இறந்துவிட்டார் என்று ஒரே வரி, முற்றுப்புள்ளியோடு.

"அவர் சாகவில்லை" என்றேன்.

எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. மிகவும் சத்தமாக இருந்தது.

"யார்?"

"அந்தக் கட்டுரையில் வருகிறவர். கண்ணாடியை வைத்துவிட்டுப் போனவர். அவர் சாகவில்லை. அதை அடித்துவிடுங்கள்."

மேடம், "வடிவு!" என்றார். எக்ஸ்டெர்னல் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது. செத்துவிட்டார் என்று யாரும் எங்களிடம் வந்து சொல்லவும் இல்லை. நான் தினமும் பார்க்கிறேன்."

"அப்படியானால் இது உங்களுடையதா?"

"ஆமாம்."

"கட்டுரையா?"

"அப்பா."

 மேடம் என் பக்கம் தண்ணீர்க் கிளாஸைத் தள்ளினார். அதன் விளிம்பில் பியூலாவின் உதட்டுச்சாயம் இருந்தது. எக்ஸ்டெர்னல் அந்த வரியை அடித்தார். ஒரு கோடு இல்லை, இரண்டு மூன்று. பிறகு என் ஸ்பைரலையும் அவளுடையதையும் ஒன்றாக அடுக்கித் துறைத்தலைவர் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒருத்திக்காக இன்னொருத்தி எழுதியது பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

 

ஏப்ரல் 11, வெள்ளி

இரண்டு பேரின் தாளும் ரத்து. நவம்பரில் புதிதாக எழுதி, மறுபடி வைவா. மூன்று வருடம் எழுதவிடாமல் தடுத்துவிடுவார்களோ என்று பயந்திருந்தேன். எக்ஸ்டெர்னல் வேண்டாம் என்று சொன்னாராம். மேடம் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். "ரெண்டு வருஷமா நான் பியூலாவுக்குப் போட்ட மார்க்கெல்லாம் யாருக்குப் போட்டேன்?" பதில் எதிர்பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பியூலா நேற்று முழுக்க அறைப்பக்கம் வரவில்லை. இன்று மதியம் வந்தாள். மரகதம் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாட்டி."

"சொல்ல முடியல."

"ஒன்றரை வருஷமா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். உங்கப்பா மஸ்கட்லேர்ந்து அனுப்புன சோப்புன்னு ஒண்ணு குடுத்தியே?"

"பஜார்ல வாங்குனது."

சிரிப்பாள் என்று நினைத்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் உங்கப்பாவக் கொன்னுட்டு வந்து, உங்கிட்டயே சிரிச்சுச் சொன்னேன்லா. தூங்க முடியலட்டி." பிறகு, "எங்கப்பாட்ட நானே சொல்லிட்டேன், அரியர்னு. மூக்கு செவசெவன்னு ஆயிருச்சு" என்றாள்.

நவம்பருக்கு அவளே எழுதிக்கொள்கிறாளாம். புல்லட்டிலிருந்து தொடங்கப்போகிறாளாம். இப்போதைக்கு என்னோடு பேசுவது கஷ்டமாக இருக்கிறது என்றாள். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். எப்போதும் அறைந்துதான் சாத்துவாள்.

ஏப்ரல் 12, சனி

பத்து மணிக்கு நானே கூப்பிட்டேன். அம்மா பதறிப்போய், "என்னட்டி, என்ன ஆச்சு?" என்றாள். நான் கூப்பிட்டால் அவளுக்கும் கை நடுங்கும் என்று இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

தாள் ரத்தான விஷயத்தைச் சொன்னேன். திட்டவில்லை. "என்னத்தக் கேட்டாவ அப்படி?"

"அப்பாவப் பத்திக் கேட்டாங்க."

அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம். அதை நிறுத்துகிற சத்தம்.

"நீ என்ன சொன்ன?"

"சாகலன்னு சொன்னேன்."

 அவள் அழுவாள், அல்லது போனை வைத்துவிடுவாள், இரண்டில் ஒன்று என்று காத்திருந்தேன்.

"இங்கிலீஷ்லயா சொன்ன?"

"ஆமா."

"எப்படிச் சொன்ன? சொல்லு பாப்போம்."

சொன்னேன். விடுதி வராந்தாவில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"இன்னொருக்கச் சொல்லு."

சொன்னேன்.

"அதை ஒரு சீட்டுல எழுதிக் கொண்டா" என்றாள் அம்மா. "பெரியப்பா திங்கக்கெழம வாறாவ. அவ்வோ ஒரு இங்கிலீஷ் தாள நீட்டுதாவ, நானும் ஒண்ணு நீட்டுதேன். இங்கிலீஷ்ல இருந்தா அவ்வோ வாயத் திறக்க மாட்டாவ."

நாளைக் காலை பஸ். இன்னொன்றும் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கிறது, அப்பா கிளம்பும்போது நான் கட்டிலில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்ததைப் பற்றி. அதை நினைத்தால் வைவாவைவிட பயமாக இருக்கிறது. நேரில்தான் சொல்ல முடியும்.

மதியம் அட்டையில் லேபிள் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி அந்த வரியை எழுதினேன். எல்லாம் பெரிய எழுத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி, கீழே ஒரு கோடு. கோடு மட்டும் அப்பா போடுகிற மாதிரி நேராக வரவில்லை. மூன்று துண்டு வீணாயிற்று. நாலாவதை இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

பிறகு நூலகத்துக்குப் போனேன். மூன்றாம் பக்கம், கீழே.

எதுவும் இல்லை.